கடலோரத்து அரசு ஊழியரின் ஓய்வுக்காலச் சேமிப்பு: இந்த வருஷம் எவ்வளவு போடலாம்? (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

இருபத்தெட்டு வருஷம் பில் கிளார்க் வேலை. தொண்டியில் கொஞ்ச காலம், மண்டபத்தில் ரொம்ப காலம், கடைசியில் ராமநாதபுரம். சம்பளப் பட்டியல் போடுகிறவனை ஊரில் யாரும் சும்மா விடமாட்டார்கள். டீக்கடையில் கேட்பார்கள், பஸ்ஸில் கேட்பார்கள். தேவிபட்டினத்தில் அப்பாவுக்குத் திதி கொடுத்துவிட்டு ஈர வேட்டியோடு கரையேறும்போது ஒருவர் கேட்டார்: “சார், இந்த வருஷம் பென்ஷனுக்கு எவ்வளவு போட்டு வைக்கலாம்?”

அப்படி வந்த கேள்விகள்தான் இவை. வட்டி, வரி, அகவிலைப்படி எல்லாம் 2025-26 நிதியாண்டு நிலவரம்.

நான் எந்தத் திட்டத்தில் இருக்கிறேன் என்றே தெரியவில்லை. எப்படிக் கண்டுபிடிப்பது?

வேலையில் சேர்ந்த தேதியைப் பாருங்கள். தமிழக அரசுப் பணியில் 2003 ஏப்ரல் 1க்கு முன் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியம். அவர்கள் சம்பளத்தில் ஜிபிஎஃப், அதாவது பொது வருங்கால வைப்பு நிதிக்குப் பிடிப்பார்கள். அந்தத் தேதியிலோ பிறகோ சேர்ந்தவர்களுக்கு சிபிஎஸ், அதாவது பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம். ரயில்வே, தபால், சுங்கம் மாதிரி மத்திய அரசு வேலை என்றால் எல்லைக்கோடு 2004 ஜனவரி 1. அன்றோ பிறகோ வந்தவர்கள் என்பிஎஸ்ஸில், அதாவது தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் இருப்பார்கள், அல்லது 2025 ஏப்ரல் 1 முதல் வந்த யுபிஎஸ் என்ற ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டத்துக்கு மாறியிருப்பார்கள். மண்டபத்தில் இருக்கும் மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலைய ஊழியர்களும் இந்த மத்திய வரிசையில்தான். உச்சிப்புளி கடற்படைத் தளத்தில் சீருடையில் இருப்பவர்களுக்கு என்பிஎஸ் கிடையாது. அங்கேயே சிவில் வேலை பார்ப்பவர்களுக்கு உண்டு.

சிபிஎஸ்ஸும் என்பிஎஸ்ஸும் ஒன்று என்று பலர் நினைக்கிறார்கள். ஒன்றில்லை. தமிழக அரசு தன் ஊழியர்களை என்பிஎஸ்ஸில் சேர்க்கவில்லை. சிபிஎஸ் பணம் மாநில அரசின் பொறுப்பில் இருக்கிறது, ஜிபிஎஃப்புக்குக் கொடுக்கும் வட்டிதான் அதற்கும். என்பிஎஸ் பணம் நிதி மேலாளர்கள் வழியாகச் சந்தைக்குப் போகிறது. பக்கத்து வீட்டு ரயில்வேக்காரர் சொல்வதை ஆசிரியை ஒருவர் அப்படியே தனக்கு எடுத்துக்கொண்டால் கணக்கு தப்பும்.

மாதம் எவ்வளவு பிடிக்கிறார்கள்?

சிபிஎஸ், என்பிஎஸ், யுபிஎஸ் மூன்றிலும் அடிப்படை ஊதியமும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையில் 10 சதவீதம். அடிப்படை 40,000 என்று வையுங்கள். 2025 ஜூலை முதல் அகவிலைப்படி 58 சதவீதம், அதாவது 23,200. மொத்தம் 63,200. உங்கள் பங்கு 6,320 ரூபாய்.

அரசின் பங்குதான் மாறும். சிபிஎஸ்ஸில் அதே 10 சதவீதம். என்பிஎஸ்ஸில் 2019 ஏப்ரல் முதல் 14 சதவீதம். மேலே சொன்ன சம்பளத்துக்கு 8,848 ரூபாய். யுபிஎஸ்ஸில் உங்கள் கணக்குக்கு 10 சதவீதமும் பொது நிதிக்கு 8.5 சதவீதமும் அரசு போடுகிறது.

அகவிலைப்படி ஏறும்போதெல்லாம் பிடித்தமும் தானாக ஏறிக்கொள்ளும். ஆகவே “நான் ஒன்றும் சேமிக்கவில்லையே” என்று புலம்புகிறவர்கள்கூட வருஷத்துக்கு முக்கால் லட்சம் போட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். அது சம்பளச் சீட்டிலேயே நின்றுவிடுவதால் கண்ணில் படுவதில்லை.

நானாகக் கூடுதலாகப் போட முடியுமா?

ஜிபிஎஃப்பில் முடியும். என்பிஎஸ்ஸில் முடியும், பிரான் எண்ணை (உங்கள் என்பிஎஸ் கணக்கு எண்) வைத்து இணையத்திலேயே முதல் அடுக்குக் கணக்கில் (ஓய்வுக்காலப் பணம் சேரும் கணக்கு) கட்டலாம், ஒரு தடவைக்கு 500 ரூபாய்க்குக் குறையக் கூடாது. சிபிஎஸ்ஸில் முடியாது, 10 சதவீதம் என்றால் 10 சதவீதம்தான். சிபிஎஸ்காரர் கூடுதலாகச் சேர்க்க நினைத்தால் வெளியேதான் போக வேண்டும்: பிபிஎஃப் என்ற பொதுமக்களுக்கான வருங்கால வைப்பு நிதி, அல்லது பொதுமக்களுக்கான என்பிஎஸ் கணக்கு ஒன்றைத் தன் பெயரில் திறப்பது.

வரி மிச்சமாகும் என்று பிப்ரவரியில் என்பிஎஸ்ஸில் 50,000 கட்டச் சொல்கிறார்கள். கட்டவா?

இந்தக் கேள்விக்கு மட்டும் கொஞ்சம் கோபமாகவே பதில் சொல்வேன்.

பிப்ரவரி இரண்டாவது வாரம் வந்தால் போதும், ஆபீஸ் வராந்தாவில் ஒரு கூட்டம் நிற்கும். சேமிப்பு ரசீதைக் கொடுங்கள் என்று பில் பிரிவு கேட்கும். உடனே கைச் செயினை அடகு வைத்து, நூற்றுக்கு ஒண்ணரை வட்டிக்கு வாங்கி, எதையாவது கட்டிவிட்டு ரசீதோடு ஓடி வருவார்கள். இதைப் பத்து வருஷம் பார்த்திருக்கிறேன். இப்போது அதற்கு அவசியமே இல்லாமல் போய்விட்டது, ஆனாலும் பழக்கம் விடவில்லை.

புதிய வரி முறையில் சம்பளக்காரருக்கு 75,000 ரூபாய் நிலைக்கழிவு போக, 12 லட்சம் வரை வரி இல்லை. அதாவது ஆண்டுச் சம்பளம் 12.75 லட்சத்தைத் தாண்டாவிட்டால் வரி பூஜ்யம். மேலே சொன்ன 40,000 அடிப்படைக்காரரின் ஊதியமும் அகவிலைப்படியும் சேர்ந்து வருஷத்துக்கு 7,58,400. வீட்டு வாடகைப்படி எல்லாம் சேர்த்தாலும் எல்லைக்குப் பக்கத்தில்கூட வராது. வரியே இல்லாதவர் எதை மிச்சம் பிடிக்கப் போகிறார்? புதிய முறையில் 80சி கழிவும் (பிஎஃப், எல்ஐசி மாதிரிச் சேமிப்புக்கு ஒன்றரை லட்சம்வரை) கிடையாது, என்பிஎஸ்ஸுக்கான கூடுதல் 50,000 கழிவும் கிடையாது. அரசு போடும் 14 சதவீதத்துக்கு மட்டும் இரண்டு முறையிலும் விலக்கு உண்டு; அதற்கு நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை.

“என் சம்பளம் அதிகம், எனக்குப் பழைய முறைதான் லாபம்” என்று ஒரு தலைமை ஆசிரியர் அடித்துச் சொன்னார். காகிதத்தை எடுத்து டீக்கடைப் பெஞ்சிலேயே போட்டுப் பார்த்தோம். அடிப்படை 80,000, அகவிலைப்படியோடு வருஷத்துக்கு 15,16,800. புதிய முறையில் செஸ் உட்பட வரி சுமார் 1,00,100. பழைய முறையில் நிலைக்கழிவு 50,000, 80சி ஒன்றரை லட்சம், கூடுதல் 50,000 எல்லாவற்றையும் முழுசாகக் காட்டியும் சுமார் 2,00,200. வீட்டுக் கடன் வட்டி இரண்டு லட்சத்தையும் கழித்துப் பார்த்தோம், அப்போதும் 1,37,800. அவர் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார், டீக்கும் அவரே காசு கொடுத்தார்.

இதைவிடப் பெரிய கழிவுகள் இருப்பவர்களுக்குப் பழைய முறை இன்னும் ஒத்துவரலாம். சம்பள வருமானம் மட்டும் இருப்பவர் வருஷா வருஷம் மாறிக்கொள்ளலாம் என்பதால் ஏப்ரலில் ஒரு தடவை இரண்டையும் போட்டுப் பார்த்துவிட வேண்டும். பிப்ரவரியில் போட்டுப் பார்ப்பது வலை கிழிந்த பிறகு ஊசி தேடுகிற கதை.

2026 ஏப்ரல் முதல் புதிய வருமான வரிச் சட்டம் வந்து பிரிவு எண்கள் மாறுகின்றன. ஆபீஸ்களில் இன்னும் பத்து வருஷத்துக்கு 80சி என்றுதான் சொல்வார்கள். அதனால் குழம்ப வேண்டாம்.

பழைய முறையில்தான் இருக்கிறேன். அந்த 50,000 கழிவுக்குத் தனியாகப் பணம் கட்டியாக வேண்டுமா?

என்பிஎஸ்காரர் கட்டியாக வேண்டியதில்லை. உங்கள் 10 சதவீதப் பிடித்தம் வருஷத்துக்கு 75,840 என்றால், அதில் 50,000ஐ 80சிசிடி 1பி பிரிவில் காட்டிவிட்டு மிச்சம் 25,840ஐ மட்டும் ஒன்றரை லட்சக் கணக்கில் காட்டலாம். ஒரே ரூபாயை இரண்டு இடத்தில் காட்டக் கூடாது, அவ்வளவுதான். எல்ஐசி, பிள்ளைகளின் டியூஷன் ஃபீஸ் என்று ஒன்றரை லட்சம் ஏற்கெனவே நிரம்பியவர்களுக்கு இது பெரிய சௌகரியம்.

வீட்டுக்காரர் விசைப்படகு வைத்திருக்கிறார், நான் டீச்சர். ஒரே மாதிரி மாதாமாதம் போட எங்களால் முடியவில்லையே?

பாம்பனிலும் தங்கச்சிமடத்திலும் இந்தக் கேள்வியை எத்தனையோ அக்காமார் கேட்டிருக்கிறார்கள். மாதம் இவ்வளவு என்று ஒரே தொகையைப் போடச் சொல்கிற அறிவுரை எல்லாம், இரண்டு பேருக்கும் முதல் தேதி சம்பளம் வருகிற வீட்டுக்கு எழுதப்பட்டது. இந்தக் கரையில் ஒரு சம்பளம் கருவூலத்திலிருந்து வரும், இன்னொன்று கடலிலிருந்து வரும். கடலுக்கு முதல் தேதி கிடையாது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கரையில் நிற்கும். நிற்கிற படகுக்குத்தான் செலவு: எஞ்சின் இறக்குவது, பலகை மாற்றுவது, பெயின்ட், வலை. அது முடிவதற்குள் ஜூன், பள்ளிக்கூடம் திறந்துவிடும். அரசு தடைக்கால நிவாரணம் தருகிறது, ஆனால் அது எஞ்சின் வேலைக்கு டீசல் வாசம் காட்டக்கூடப் பத்தாது. அந்த இரண்டு மாதமும் முழு வீடும் டீச்சரின் சம்பளத்தில்தான் ஓடும். அப்புறம் ஐப்பசி, கார்த்திகையில் காற்றும் மழையுமாகக் கடலுக்குப் போகாத நாட்கள்.

ஆகவே இப்படி ஒரு வருஷக் கணக்கு போட்டுக்கொள்ளச் சொல்வேன். கட்டாயப் பிடித்தம் பன்னிரண்டு மாதமும் தன்பாட்டுக்கு நடக்கும், அதைத் தொட வேண்டாம். கூடுதல் சேமிப்பை மட்டும் தடைக்காலத்தில் பூஜ்யமாக வைத்துக்கொள்ளுங்கள். தடை முடிந்து முதல் சில பாடு, அதாவது மீன்வரத்து, நன்றாக விழும். ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பரில் வீட்டுச் செலவைக் கடல் பார்த்துக்கொள்ளட்டும், உங்கள் சம்பளத்திலிருந்து பெரிய துண்டாக எடுத்துப் போடுங்கள். மழை மாதங்களில் திரும்பவும் கையை இறுக்கிக்கொள்ளுங்கள். தை பிறந்த பிறகு மார்ச் வரை இன்னொரு சுற்று. வருஷத்துக்கு 36,000 என்பது இலக்கு என்றால், மாதம் 3,000 போட முடியவில்லையே என்று வருத்தப்படத் தேவையில்லை. ஆறு மாதத்தில் 6,000 வீதம் போட்டாலும் அதே 36,000தான்.

இன்னொன்றைச் சொல்லாமல் விட்டால் பாவம். இந்தக் கரையில் படகு இலங்கைக் கடற்படையிடம் பிடிபடும். நெடுந்தீவுப் பக்கம் போன படகு திரும்பாமல், ஆட்களை மட்டும் மீட்டு வந்து, படகு அங்கேயே கிடந்து மக்கிப்போன வீடுகளை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அந்த வாரம் வீட்டுக்குத் தேவை கையில் எடுக்கக்கூடிய பணம். என்பிஎஸ் முதல் அடுக்கில் கிடக்கும் பணத்தை நினைத்த நேரத்தில் எடுக்க முடியாது, சிபிஎஸ்ஸில் சுத்தமாக முடியாது. அதனால் படகு இருக்கிற வீட்டில் முதலில் நான்கைந்து மாதச் செலவுக்கான தொகை தபால் ஆபீஸ் சேமிப்பிலோ வங்கியிலோ டெபாசிட்டாக இருக்கட்டும். ஓய்வுக்காலக் கூடுதல் சேமிப்பு அதற்குப் பிறகுதான். இந்த வரிசை மாறியவர்கள் கடைசியில் நகைக்கடன் வட்டிதான் கட்டினார்கள்.

பிபிஎஃப்பில் எப்போது போடுவது நல்லது?

ஏப்ரல் 5க்குள். பிபிஎஃப்பில் ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதிக்குப் பிறகு மாதக் கடைசிவரை கணக்கில் இருக்கும் குறைந்த இருப்புக்குத்தான் வட்டி. வட்டி 7.1 சதவீதம். வருஷத்துக்கு உச்சவரம்பு 1,50,000. அதை ஏப்ரல் 5க்குள் மொத்தமாகப் போட்டால் அந்த வருஷ வட்டி 10,650. மாதம் 12,500 வீதம் 5ஆம் தேதிக்குள் போட்டால் சுமார் 5,770. மார்ச் கடைசியில் போட்டால் அந்த வருஷத்துக்கு ஒரு பைசா கிடையாது.

படகு வீட்டுக்கு இதில் ஒரு ராசி இருக்கிறது. ஏப்ரல் 5க்கும் தடைக்காலம் தொடங்கும் 15க்கும் பத்தே நாள்தான் இடைவெளி. மாசி, பங்குனியில் ஓடிய பாட்டுக் காசை ஏப்ரல் முதல் வாரமே போட்டுவிட்டால், 15ஆம் தேதி எஞ்சின் மெக்கானிக் வந்து கேட்கும்போது அது கையில் இருக்காது. மெக்கானிக் காசைத் தனியாக ஒதுக்கிவிட்டுப் போடுங்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். ஒரு தம்பி நான் பாதி சொன்னதைக் கேட்டுவிட்டு முழுசாகக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டான், ஆனி மாதம்வரை என்னைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

ஒன்றரை லட்சம் எல்லாம் யாரிடம் இருக்கிறது என்கிறீர்களா? குறைந்தபட்சம் வருஷத்துக்கு 500 ரூபாய். மாதம் ஆயிரம் வீதம் இருபது வருஷம் போட்டாலும், போட்டது 2.4 லட்சம், 7.1 சதவீதம் நிலைத்தால் வருவது சுமார் 5 லட்சம். கணக்கு 15 வருஷத்தில் முதிரும், அதற்கு மேல் ஐந்தைந்து வருஷமாக நீட்டிக்கலாம்.

ஜிபிஎஃப் சந்தாவைக் கூட்டலாமா?

ஓய்வுக்குச் சில வருஷமே இருக்கும் சீனியர்கள் கேட்பது இது. கூட்டலாம், நல்லதுதான். 7.1 சதவீத வட்டி, அரசின் பொறுப்பு, வேறென்ன வேண்டும்? மத்திய அரசு விதிப்படி ஒரு வருஷத்தில் சந்தாவை இரண்டு தடவை கூட்டலாம், ஒரு தடவை குறைக்கலாம். பிள்ளை கல்யாணம் வைத்திருக்கும் மாதத்தை முன்கூட்டியே யோசித்து அந்த ஒரு குறைப்பைச் சேர்த்து வையுங்கள்.

ஒரு வருஷத்தில் 5 லட்சத்துக்கு மேல் போட்டால், மேற்படித் தொகைக்கு வரும் வட்டிக்கு 2021 ஏப்ரல் முதல் வரி உண்டு. நம் பக்கத்தில் அந்தக் கவலை வருகிறவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்.

சிபிஎஸ் மாறப்போகிறது என்கிறார்களே, அதுவரை பொறுத்திருக்கலாமா?

2026 ஜனவரி 3 அன்று தமிழ்நாடு உறுதியளிக்கப்பட்ட ஓய்வூதியத் திட்டத்தை முதலமைச்சர் அறிவித்தார். கடைசியாக வாங்கிய ஊதியத்தில் பாதி ஓய்வூதியம், ஊழியரின் 10 சதவீதப் பங்களிப்பு தொடரும் என்பது அதன் சாரம். இருபது வருஷமாகப் போராடியவர்களுக்கு அது பெரிய செய்திதான். அன்றைக்கு ராமேஸ்வரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் லட்டு கொடுத்தார்கள், எனக்கும் ஒன்று வந்தது.

ஆனால் உங்கள் சொந்தச் சேமிப்பை அதற்காக நிறுத்திவைக்க வேண்டியதில்லை. பாதி ஊதியம் என்றால் இன்னொரு பாதி இல்லை என்றுதான் பொருள்.

யுபிஎஸ் எடுத்தவர்கள் எதைக் கவனிக்க வேண்டும்?

பணிக்கால வருஷங்களை. 25 வருஷம் முடித்தால் கடைசி 12 மாத அடிப்படை ஊதியத்தின் சராசரியில் பாதி. சராசரி 60,000 என்றால் 30,000, அதன் மேல் அகவிலை நிவாரணம். 20 வருஷம்தான் என்றால் அதே ஆளுக்கு 24,000. பத்து வருஷமாவது முடித்திருந்தால் குறைந்தது 10,000 உறுதி. இடையில் உங்கள் கணக்கிலிருந்து பணம் எடுத்துத் திரும்பக் கட்டாமல் விட்டால் இந்த ஓய்வூதியமும் அந்த விகிதத்தில் குறையும். வயதானவர்கள் இதைத் தெரிந்துகொண்டுதான் மாறினார்கள். இளையவர்களில் பலர் என்பிஎஸ்ஸிலேயே நின்றுவிட்டார்கள். இரண்டும் தப்பில்லை.

என்பிஎஸ்ஸில் நிற்பவர்களுக்கு: ஓய்வின்போது 60 சதவீதம்வரை கையில் வாங்கலாம், குறைந்தது 40 சதவீதத்தைக் கொடுத்து ஆண்டுத்தொகை, அதாவது ஆயுள் முழுக்க வரும் ஓய்வூதியம், வாங்க வேண்டும். அந்தத் தொகை பொதுவாக ஏறாது. விலைவாசி ஏறும். அதனால்தான் என்பிஎஸ்காரருக்குக் கூடுதல் சேமிப்பு மற்றவர்களைவிட அவசியம் என்பேன்.

என்பிஎஸ்ஸில் பங்குச் சந்தை விகிதத்தைக் கூட்டவா?

ஒன்றும் தேர்ந்தெடுக்காவிட்டால் பங்குகளுக்குக் கொஞ்சம்தான் போகும். 2019 முதல் மத்திய அரசு ஊழியர்கள் மேலாளரையும் திட்டத்தையும் மாற்றிக்கொள்ளலாம். முப்பது வயதுக்காரர் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம், ஐம்பத்தைந்தில் வேண்டாம். இதற்கு மேல் இதில் நான் ஆள் இல்லை.

பிடித்த பணம் எல்லாம் ஒழுங்காகக் கணக்கில் ஏறுகிறதா என்று பார்க்க வேண்டுமா? அரசு பார்த்துக்கொள்ளாதா?

பார்க்க வேண்டும். ஏன் என்றால் அதைத் தப்பாகப் போட்டவனே நான்தான்.

முதுகுளத்தூர் பக்கத்திலிருந்து ஒரு டீச்சர் மாற்றலாகி எங்கள் பக்கம் வந்தார். கடைசி ஊதியச் சான்றிதழில் சிபிஎஸ் எண் கையால் எழுதியிருந்தது. கடைசி இலக்கம் ஒன்றா ஏழா என்று தெரியவில்லை. நான் ஏழு என்று எடுத்துக்கொண்டேன். பதினொரு மாதம். மாதம் 2,900 ரூபாய் வீதம் 31,900, யாரோ முகம் தெரியாத ஒருவர் கணக்கில் போய் உட்கார்ந்துகொண்டது. அதற்குச் சமமான அரசுப் பங்கும் கூடவே போயிற்று.

ஆறு வருஷம் கழித்துத்தான் டீச்சர் கணக்குத்தாளை எடுத்துப் பார்த்தார். தாளோடு வந்து என் மேஜைமேல் வைத்தார். காற்று தூக்காமல் இருக்கத் தண்ணீர் பாட்டிலை அதன்மேல் வைத்தார். பதினொரு வரிசைகள் இல்லை. அவர் ஒன்றும் சொல்லவில்லை, சிவப்பு மையில் அடிக்கோடு போட்ட இடத்தை மட்டும் காட்டினார். ஆறு வருஷத்துக்கு முந்தைய பில்களைத் தேடினோம். ரெக்கார்டு அறையில் ஒரு மழைக்குத் தண்ணீர் ஏறி, கட்டுகள் அப்பளம் மாதிரி ஒட்டிக் கிடந்தன. ஒவ்வொரு மாதத்துக்கும் வவுச்சர் எண்ணும் தேதியும் வேண்டும். எட்டு மாதத்துக்கு அவரிடமே சம்பளச் சீட்டு இருந்ததால் தப்பித்தோம். மூன்று மாதத்துக்கு நான் கருவூலத்துக்கு நடந்த நடையை எண்ணவில்லை. சரிசெய்து முடிக்க ஒன்றேகால் வருஷம் ஆனது.

ஆகவே: மாதச் சீட்டைக் களஞ்சியம் செயலியிலிருந்து இறக்கிச் சேமித்து வையுங்கள். வருஷத்துக்கு ஒரு தடவை, ஏப்ரலோ மேயோ, கணக்குத்தாளை எடுத்துப் பன்னிரண்டு வரிசை இருக்கிறதா என்று எண்ணுங்கள். மாற்றல், பதவி உயர்வு, சம்பளம் இல்லா விடுப்பு, அரியர்ஸ் வந்த மாதங்கள் இவற்றை மட்டும் இரண்டு தடவை பாருங்கள். தப்பு எப்போதும் அந்த மாதங்களில்தான் ஒளிந்திருக்கும். ஒரு வருஷத்துக்குள் கண்டுபிடித்தால் ஒரு கடிதத்தில் முடியும்.

அரியர்ஸ் மொத்தமாக வந்தால் என்ன செய்வது?

பாதியைச் சேமிப்பில் போடுங்கள், மீதி உங்கள் இஷ்டம். முழுசாகப் போடச் சொன்னால் யாரும் கேட்பதில்லை. மத்திய அரசு 8ஆவது ஊதியக் குழுவை 2025 நவம்பரில் அமைத்துவிட்டது. இன்றைக்கே அதன் அரியர்ஸுக்கு புல்லட் வண்டி விலை விசாரிக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

அவசரத்துக்கு எடுக்க முடியுமா?

ஜிபிஎஃப்பில் முன்பணம் வாங்கலாம். என்பிஎஸ்ஸில் மூன்று வருஷத்துக்குப் பிறகு, மருத்துவம், வீடு, பிள்ளைகளின் படிப்பு, கல்யாணம் போன்ற காரணங்களுக்கு, நீங்கள் போட்டதில் 25 சதவீதம்வரை. அரசு போட்ட பங்கு அதில் சேராது.

இருவருமே அரசு ஊழியர். யார் பெயரில் கூடுதலாகப் போடுவது?

யாருடைய ஓய்வூதியம் பலவீனமோ அவர் பெயரில். வீட்டுக்காரர் 2002இல் சேர்ந்து பழைய ஓய்வூதியத்தில் இருக்கிறார், வீட்டம்மா 2011இல் சேர்ந்த சிபிஎஸ் என்றால் கூடுதல் சேமிப்பு அம்மா பெயரில்தான் இருக்க வேண்டும். பெரும்பாலும் நடப்பது தலைகீழ்.

ஓய்வுக்கு ஒரு வருஷம் இருக்கிறது. இனி போட்டு என்ன ஆகப்போகிறது?

இனி போடுவதைவிட, வருவதை எங்கே வைப்பது என்று யோசிக்கிற வருஷம் அது. தபால் ஆபீஸில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் 8.2 சதவீதம் தருகிறது. 30 லட்சம்வரை போடலாம். முழுசாகப் போட்டால் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை 61,500 ரூபாய். பணிக்கொடையும் மற்றதும் ஒரே நாளில் வங்கியில் விழும்போது, எங்கிருந்துதான் தெரிந்துகொள்வார்களோ, மனை விற்கிறவர்கள் வாசலில் வந்து நிற்பார்கள். ஆறு மாதம் எந்தப் பத்திரத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

நாமினி பற்றி ஏதாவது?

கல்யாணத்துக்கு முன் அம்மா பெயர் போட்டிருந்தால், கல்யாணம் ஆனதும் புதிதாகப் போட வேண்டும். பலர் மறந்துவிடுகிறார்கள்.

கீழக்கரையில் ஒருவர் வீட்டுக்கு இதற்காகவே போனேன். நாமினி தாளின் நகலைத் தேடினோம். இரும்பு பீரோ; உப்புக் காற்றில் கீழ்த்தட்டு துருப்பிடித்து, துருவும் தாளும் ஒட்டிப்போயிருந்தன. அவர் மனைவி தோசைக் கரண்டியால் மெல்ல நெம்பி எடுத்தார். பெயர் இருந்த இடம் சரியாகத் துருவோடு போயிருந்தது. அன்றிலிருந்து எல்லாத் தாளையும் பழைய டப்பர்வேர் டப்பாவில் போட்டு, மேல்தட்டில் பட்டுப்புடவைக்கு நடுவில் வைத்திருக்கிறார்கள்.